எத்தனை பேர்

ரங்கூன் மொகல் தெருவில், நெய்க்கடைக்கு மேல் மாடியில்,
வாரம் பதினாறு பக்கம் போடுகிறோம்.
நான் பிழை திருத்துகிறவன்.
ஒன்பது வருஷத்தில் பிழையே வராத சொல்
'பேர்' ஒன்றுதான்.

முதல் பக்கத்தில் அது எண்ணுக்குப் பின்னால் நிற்கும்.
கம்பைத் தீயில் நான்கு பேர்.
ஆலைக் கொதிகலன் வெடித்துப் பதினொரு பேர்.
எண் முந்திக்கொண்டால்
பேருக்குப் பேர் கிடையாது.

மூன்றாம் பக்கத்தில் அதற்கே மேல்சட்டை வந்துவிடும்:
பேர்பெற்ற மர வியாபாரி,
மகளுக்குப் பேர்சொல்லும்படி கல்யாணம்.
அங்கே ஆட்களை எண்ணுவதில்லை,
பந்தி இலைகளை எண்ணுவோம்.

தலையங்கத்தில் சீனி மரைக்காயர்
'பெயர்' என்று நிறுத்தி எழுதுவார்.
நம் சமூகத்தின் நற்பெயர், நாம் காக்க வேண்டிய பெயர்.
நடுவில் ஒரு யகரம் வந்து உட்கார
அந்தப் பக்கத்தில் இடமிருக்கிறது.
செத்தவர்களுக்குப் பத்தி அகலம் போதாது.

கேள்வி பதிலில் ஒரு வாசகர்:
'விதவையைக் கட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?'
பதில் (நான்தான் எழுதினேன், புனைபேரில்):
'அந்த நாலு பேர் நமக்குச் சந்தா கட்டவில்லை.'

கடைசிப் பக்கத்தில் பல்பொடிக்காரர்
பேரைக் கேட்டு வாங்கச் சொல்கிறார்.
அதன் கீழே, எறும்பு எழுத்தில்,
முத்துக்கருப்பன் ஆகிய நான்
இன்றுமுதல் கோ தான் டின் என அறியப்படுவேன்.
வரிக்கு முக்கால் கியாட்.

இந்த மழைக்காலம் முழுக்கக் கப்பல் செய்தி.
இத்தனை பேர் பதிந்தார்கள், இத்தனை பேர் ஏறினார்கள்,
இத்தனை பேர் ஜெட்டியில் படுத்திருக்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை ஞானாதிக்கம்
எழுத்துப் பெட்டியின் ஒரு குழியைத் தட்டிக் காட்டினார்.
இரட்டைக் கொம்பு தீர்ந்துவிட்டது.
'ஆள் குறையக் குறைய பேர் கூடுதுங்க' என்றார்.

புதன்கிழமை சிகப்பாயி படியேறி வந்தார்.
குடை இல்லை. கையில் போன வார இதழ்,
ஐந்தாம் பக்கம் மேலே தெரிய மடித்தபடி:
அரிசிப் பதுக்கல், ஏழு பேர் கைது.
'இந்த ஏழு பேர்ல எங்க வீட்டுக்காரர் பேர் இருக்கா?'

எங்களுக்கு எண் மட்டும்தான் வந்தது என்றேன்.
'அப்ப நான் சொல்றேன், எழுதிக்குங்க.'
வீட்டில் வெள்ளைக்கண்ணு.
துறைமுகத்தில் மேஸ்திரி ஏட்டில் வெள்ளையன்.
பதிவுச் சீட்டில் மவுங் பியூ; அதுவும் வெள்ளைதானாம்.
ஆள் நல்ல கறுப்பு என்று அவரே சிரித்தார்.
சிரிப்பை நிறுத்திக் கேட்டார்:
'மூணு பேரையும் போட்டா
மூணு பேர்னு புடிச்சு வச்சுக்குவாங்களா?'

அந்த வாரம் நான் கைவைத்தது ஒரே இடத்தில்.
விசாரணை தொடர்கிறது:
ஆறு பேரும் வெள்ளைக்கண்ணுவும்.
ஞானாதிக்கம் ஒன்றும் கேட்கவில்லை.
பல்பொடி விளம்பரத்திலிருந்து ஒரு கொம்பைக் கழற்றி
அங்கே கோத்தார்.
சிகப்பாயி இரண்டு பிரதி வாங்கினார், ஒன்று ஜெயிலுக்கு.

சீனி மரைக்காயர் கூப்பிட்டார்.
'இது என்னய்யா கணக்கு?
ஆறு பேருக்கு ஒரு நியாயம், ஒருத்தனுக்கு ஒரு நியாயமா?'
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மற்ற ஆறு வீட்டிலிருந்தும்
யாரும் படியேறி வரவில்லை.

அடுத்த இதழ், எட்டாம் பக்கத்தின் அடியில்,
பிழை திருத்தம்:
சென்ற வாரம் ஐந்தாம் பக்கம், இரண்டாம் பத்தியில்
ஏழு பேர் என்று வாசிக்கவும்.

பல்பொடிக்காரர் சண்டை போட்டுக்
கொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.
மெய்ப்பு வந்தது, ஒற்றைக் கொம்போடு:
'ஏழு பெர்.'
பேனாவைச் சிவப்பு மையில் தொட்டேன்.
ஓரத்தில் என் கையெழுத்தை மட்டும் போட்டு
அச்சுக்கு அனுப்பினேன்.